நாம் தடை கேட்ட படமும் நாம் சிரித்துப் பார்த்த படமும்



இவ்வாரத் தியானம் இரண்டு திரைப்படங்களைப் பற்றியது. போதகர் சினிமாவைப் பற்றி எழுதலாமா என்று கேட்கும் மூப்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய மனத்தாங்கலை நான் மதிக்கிறேன். ஆயினும், ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பி, உணவருந்தி, தொலைக்காட்சியின் முன் அமர்கிற குடும்பங்களுக்கே நான் மேய்ப்பனாக இருக்கிறேன். காலையில் அரைமணி நேரம் நான் பிரசங்கிக்கிறேன். பிற்பகலில் இரண்டரை மணி நேரம் திரை பிரசங்கிக்கிறது. அது தேவனைக் குறித்தே பேசத் தொடங்கும்போது நான் செவிகொடாமல் இருப்பது முறையாகாது.

சென்ற மாதம் நம் வாலிபர் கூடுகையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி, 'தி டாவின்சி கோட்' படத்தின் சில காட்சிகளைப் பகிர்ந்தான். அன்று மாலைக்குள் மூன்று பெற்றோர் என்னைத் தொலைபேசியில் அழைத்துவிட்டனர். அவனைக் கண்டிக்க வேண்டும், குழுவிலிருந்து நீக்க வேண்டும், அந்தப் படம் தேவதூஷணம் என்று பீடத்திலிருந்து அறிவிக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முந்தைய வாரம் அதே குழுவில் 'அறை எண் 305-ல் கடவுள்' படத்தின் நகைச்சுவைத் துணுக்கு ஒன்று வந்திருந்தது. அதற்குச் சிரிக்கும் முகங்களே வரிசையாகப் பதிலாய் வந்தன. யாரும் என்னை அழைக்கவில்லை. இரண்டு படங்களையும் நான் முழுமையாகப் பார்த்திருக்கிறேன். முதலாவதைக் கண்டு நாம் இவ்வளவு அஞ்சியிருக்க வேண்டியதில்லை என்பதும், இரண்டாவதைக் கண்டு சற்றேனும் அஞ்சியிருக்கலாம் என்பதும் என் கருத்து. அதற்கான காரணங்களை எழுதுகிறேன், மாறுபட்டால் எழுதுங்கள்.

நம் வாலிபர்களில் பலர் 2006-இல் கைக்குழந்தைகள், அல்லது பிறந்திராதவர்கள். ஆகவே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டான் பிரவுன் என்னும் அமெரிக்கர் 2003-இல் எழுதிய நாவலை இயக்குநர் ரான் ஹோவர்டு படமாக்கினார். டாம் ஹாங்க்ஸ் நடித்தார். பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு கொலை. இறந்தவர் விட்டுச் சென்ற குறிகள். அவற்றைப் பின்தொடர்ந்தால், இயேசு மகதலேனா மரியாளை மணந்தார், அவர்களுக்குச் சந்ததி உண்டு, திருச்சபை அதை மறைத்துவிட்டது என்னும் 'இரகசியம்'. படம் 2006 மே மாதம் உலகெங்கும் வெளிவந்தபோது இந்தியாவில் கிறிஸ்தவ அமைப்புகள் தடை கோரின. ஷர்மிளா தாகூர் தலைமையிலிருந்த தணிக்கை வாரியம், வயது வந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழும், இது கற்பனையே என்ற அறிவிப்பும் சேர்த்து அனுமதித்தது. அதன் பின்னும் நாகாலாந்து, கோவா, பஞ்சாப், ஆந்திரம் முதலிய மாநிலங்கள் தடை விதித்தன. தமிழ்நாட்டில் பதவியேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த மு. கருணாநிதி அரசும் தடை விதித்தது. தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. நீதியரசர் பிரபா ஸ்ரீதேவன் அந்த ஆணையை ரத்து செய்தார். தணிக்கை வாரியம் அனுமதித்த படத்தை, கலவரம் வரக்கூடும் என்ற அச்சத்தைக் காட்டி அரசு நிறுத்திவிட முடியாது என்பது சட்டத்தின் நிலை. இதை 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் தமிழ்ப்படத்தின் வழக்கிலேயே 1989-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது.

இனி, படத்துக்கு வருவோம். திரைப்பட ரசிகனாக முதலில் சொல்கிறேன்: அது அலுப்பூட்டும் படம். மர்மக்கதை என்றால் நாம் நாற்காலியின் நுனிக்கு வர வேண்டும். இதிலோ ஓடும் காரிலும் பறக்கும் விமானத்திலும் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் வரலாற்றுப் பாடம் நடத்துகிறார்கள். இரண்டரை மணி நேரப் படத்தில் பாதி விரிவுரை. முதிய ஆய்வாளராக வரும் இயன் மெக்கெல்லன் ஒருவர் மட்டுமே உற்சாகமாக இருக்கிறார். கொலைகாரத் துறவியைப் பிறவியிலேயே தோல் வெளுத்தவனாகக் காட்டியது மலிவான உத்தி. அத்தகைய தோலோடு பிறந்தவர்களின் அமெரிக்கச் சங்கம் ஒன்று இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது. நம் கண்டனங்களில் அவர்களுக்காக ஒரு வரியும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

வரலாற்றுப் பிழைகளுக்குப் பதில் சொல்வது கடினமன்று. கி.பி. 325-இல் கூடிய நிசேயா சங்கத்தில்தான் இயேசுவின் தெய்வத்தன்மை வாக்கெடுப்பால் முடிவானது என்றும், அதுவும் ஏறத்தாழச் சமமான வாக்குகளால் என்றும் நாவல் சொல்கிறது. அச்சங்கத்தில் கூடிய சுமார் 300 ஆயர்களில், ஏரியஸின் பக்கம் நின்று இறுதிவரை கையொப்பமிட மறுத்தவர்கள் இருவர். அங்கே எழுந்த வினாவும் வேறு. கிறிஸ்து வெறும் மனிதரா என்று அங்கே எவரும் கேட்கவில்லை. ஏரியஸ்கூட அவரைப் படைப்புகள் அனைத்துக்கும் முற்பட்டவர் என்றே கொண்டார். பிதாவோடு ஒரே தன்மையுடையவரா என்பதே வழக்கு. புதிய ஏற்பாட்டு நூல்களைத் தெரிந்தெடுத்தது நிசேயா என்பதும் தவறு. இன்று நாம் வைத்திருக்கும் 27 நூல்களும் அப்படியே பட்டியலாக நமக்குக் கிடைப்பது அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய கடிதத்தில். நாவலின் முகப்பில் 'உண்மை' என்று தலைப்பிட்டு, பல நூற்றாண்டுப் பழமை கொண்டதாகச் சொல்லப்படும் இரகசியச் சங்கமோ, பியர் பிளாண்டார் என்பவர் பிரான்சில் 1956-இல் பதிவுசெய்தது. அதற்குப் பழமை கற்பிக்கப் போலி ஆவணங்களை உருவாக்கி, பாரிசின் தேசிய நூலகத்தில் சேர்த்திருந்தார்கள். இவ்வளவும் ஒரு மாலைப்பொழுதில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் எவரும் கற்றுக்கொடுக்கக்கூடியவை. கற்றுக்கொடுத்தோமா என்பது வேறு கேள்வி. 2006-இல் நிசேயா விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு நிசேயா எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரிந்திருந்தது? (இன்றைய துருக்கியில், இஸ்னிக் என்னும் ஏரிக்கரை ஊர்.)

என்னை அதிகமாகச் சிந்திக்க வைத்தது நம் கோபத்தின் தொனி. இயேசு மணம்புரிந்தார் என்பதற்குச் சான்றில்லை; ஆகையால் அக்கூற்றை மறுக்கிறோம். அத்தோடு நின்றிருக்கலாம். நாமோ, அது அவரை அசுத்தப்படுத்துவதுபோலப் பேசினோம். விவாகத்தைக் கனமானதாக எண்ணச் சொல்லும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பெண் அவரருகே இருந்தாள் என்று சொல்வதே இழிவு என்பதுபோலப் பேசினோம். தம் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பெண்ணை விலக்காதவர் அவர். விலக்க விரும்பியவன் விருந்துக்கு அழைத்த பரிசேயன்.

மகதலேனாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருச்சபை அவளுக்கு அநீதி செய்தது என்று அந்தப் படம் சொல்வதில் ஒரு துளி மெய் உண்டு. அவள் விலைமகள் என்று நான்கு சுவிசேஷங்களில் எங்கும் இல்லை. லூக்கா 8-ஆம் அதிகாரம் அவளைப் பேய்களினின்று விடுதலை பெற்றவளாகவும், தன் பொருளால் ஊழியத்தைத் தாங்கிய பெண்களில் ஒருத்தியாகவும் காட்டுகிறது. யோவான் 20-இல் உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு, செய்தியைச் சீஷர்களிடம் கொண்டுசென்றவள் அவள். பெயர் சொல்லப்படாத வேறொரு பாவியான பெண்ணோடு அவளை இணைத்துப் பிரசங்கித்தவர் போப் முதலாம் கிரகோரி, ஆண்டு 591. அந்த இணைப்பு 1,400 ஆண்டுகள் கடந்தும் நம் ஈஸ்டர் நாடகங்களில் உயிரோடிருக்கிறது: மகதலேனா வேடமிடும் பெண்பிள்ளைக்குத்தான் பளபளக்கும் சேலையும் தலைநிறையப் பூவும். அவளைப் பற்றிய ஒரு பொய்க்காகத் தடை கேட்ட நாம், அவளைப் பற்றிய மற்றொரு பொய்யை ஆண்டுதோறும் பீடத்தின் முன்னேயே மேடையேற்றுகிறோம்.

தடை கேட்டதைப் பற்றி ஒரு சொல். நம் ஊரிலிருந்து வடக்கே பேருந்தேறினால் சிறிது நேரத்தில் தரங்கம்பாடி. சீகன்பால்கு அங்கே வந்திறங்கியது 1706 ஜூலை 9. அந்தப் படத்துக்கான தடை நீதிமன்றத்தில் விவாதிக்கப்பட்ட 2006-ஆம் ஆண்டின் அதே கோடையில்தான் அவர் வருகையின் 300-ஆம் ஆண்டு நிறைவை நாம் கொண்டாடினோம். மாலையும் மேளமும் மலர் வெளியீடும் நிறைவாகவே இருந்தன. அவர் வந்த இரண்டே ஆண்டுகளில் டேனிஷ் கோட்டைத் தளபதி அவரைச் சிறையிலடைத்தார் என்பதையும் நினைவுகூர்ந்தோமா? ஏறத்தாழ நான்கு மாதம் அவர் அடைபட்டிருந்தார். ஆட்சிக்கு இடையூறு, ஊரில் குழப்பம் வரும் என்பதுதான் அன்றைக்கும் சொல்லப்பட்ட காரணத்தின் சாரம். அவ்வளவு தொலைவு போவானேன்? 2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது, பேசும் உரிமையில் அரசு கைவைக்கலாகாது என்று தெருவில் நின்றவர்கள் நம் சகோதரர்களே. சட்டம் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், பேசுகிறவர் வேறொருவர் என்றதும், அதே அரசின் கதவை நாம் தட்டினோம். சிறுபான்மையாய் வாழ்கிறவர்கள் பிறர் வாயை மூடும் பூட்டை விரும்பக்கூடாது. அந்தப் பூட்டுக்குச் சாவி ஒருபோதும் நம்மிடம் இருக்கப்போவதில்லை.

இனி, நாம் சிரித்துப் பார்த்த படம்.

'இம்சை அரசன் 23-ம் புலிகேசி'யை இயக்கிய சிம்புதேவனின் அடுத்த படம் 'அறை எண் 305-ல் கடவுள்'. 2008-இல் வெளிவந்தது, தயாரிப்பு இயக்குநர் ஷங்கர். முதற்படத்தில் கிடைத்த சிரிப்பை எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்தார்கள் என்பது என் நினைவு. நானும் அவர்களில் ஒருவன். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் வேலையில்லாத இரண்டு இளைஞர்கள்: சந்தானமும் கஞ்சா கருப்பும். வாடகை பாக்கி, பசி, அவமானம். ஒருநாள் மனம் வெடித்துக் கடவுளை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். கடவுள் இறங்கி வந்துவிடுகிறார். பிரகாஷ்ராஜ். அவர்களுடைய அறையிலேயே தங்குகிறார். அண்டத்தை ஆளும் வல்லமை முழுவதும் அவரிடமுள்ள ஒரு சிறு பெட்டியில் இருக்கிறது. இருவரும் அதைத் திருடிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். பெட்டியிழந்த கடவுள் திரும்பிப் போக வழியின்றி, மனிதனாய் மேன்ஷனில் வாழ வேண்டியதாகிறது.

ஜிம் கேரி நடித்த 'புரூஸ் ஆல்மைட்டி' படத்தின் சாயல் இதில் உண்டு என்று பலரும் சொன்னார்கள். உண்டுதான். ஆனால் அந்த அமெரிக்கப் படத்தில் கடவுள் தாமாகவே வல்லமையைக் கொடுத்துப் பார்க்கிறார். தமிழில் அவர் திருட்டுக்கொடுக்கிறார். இந்த வேறுபாடு சிறிதன்று. கொள்ளையடிக்கப்படக்கூடிய கடவுள், கொள்ளையடித்தவர்களின் தெருவிலேயே வெறுங்கையோடு நிற்கும் கடவுள்! பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். தம்மை வெறுமையாக்கினவரைக் குறித்த அந்தப் பகுதியை விளக்க இதைவிட நல்ல கதைத்தொடக்கம் எனக்கு அகப்பட்டதில்லை. பெட்டி போனபின் பிரகாஷ்ராஜின் முகத்தில் ஒரு கணம் தோன்றும் திகைப்பு, படத்தின் மிகச் சிறந்த இடம். அந்தக் கணத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அங்கிருந்து படம் சரிகிறது. நகைச்சுவை, கதையின் நடுக்கேள்வியிலிருந்து பிறக்க வேண்டும். வல்லமை கையில் வந்த இரு ஏழைகள் என்ன செய்வார்கள் என்பதில் எவ்வளவு சிரிப்பும் எவ்வளவு துயரமும் இருக்கிறது! படமோ, பெட்டியைக் கொண்டு சில வேடிக்கைகள் காட்டிவிட்டு, துணுக்குகளை ஒட்டவைக்கத் தொடங்குகிறது. சிரிப்பு வற்றிய இடத்தில் உபதேசம் ஆரம்பமாகிறது. பெட்டியிழந்த கடவுள் மேன்ஷன்வாசிகளுக்கு அறிவுரை சொல்லுகிறார், அவர்கள் திருந்துகிறார்கள், திருடினவர்களும் திருந்துகிறார்கள். நான் தொழில்முறைப் பிரசங்கி. சொல்ல விஷயமில்லாதபோது குரலை உயர்த்தி ஒழுக்கம் போதிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆகையால் மற்றொருவர் அதைச் செய்யும்போது உடனே தெரிந்துவிடுகிறது.

அது வலுவற்ற நகைச்சுவைப் படம் என்பதோடு விட்டுவிடலாம். வாரந்தோறும் அப்படி எத்தனையோ வருகின்றன. விடமுடியாமல் செய்வது அதன் தொடக்கம். இரண்டு ஏழைகள் கடவுளைத் திட்டுகிறார்கள், அவர் பதில் சொல்ல வருகிறார் என்று ஒரு படம் தொடங்கினால், இந்தக் கடற்கரையில் அதை வேடிக்கையாக மட்டும் பார்க்க இயலாது.

2004 டிசம்பர் 26. ஞாயிறு; கிறிஸ்து பிறப்பின் மறுநாள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்குத் திருவிழாக் கூட்டமாய் வந்திருந்தவர்கள் மணலிலிருந்து திரும்பவில்லை. நம் காரைக்கால் மேட்டிலும் கோட்டுச்சேரி மேட்டிலும் என்ன நடந்ததென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் சிலர் வீட்டுச் சுவரில் அந்தப் படங்கள் மாலையோடு இருக்கின்றன. அதற்குப் பிந்தைய வாரங்களில் கரையோரத் தற்காலிகக் குடில்களில் சென்று ஜெபித்துக்கொண்டிருந்தோம். பிள்ளையை இழந்த ஒரு தாய் என் ஜெபத்தை நடுவிலே நிறுத்தி, "ஐயா, அன்னிக்குக் காலைல அவரு எங்க போயிருந்தாரு?" என்று கேட்டாள். அவள் திருச்சபையைச் சேர்ந்தவளல்லள். யாரைக் கேட்கிறாள் என்பதில் அவளுக்கும் குழப்பமில்லை, எனக்கும் இல்லை.

அப்படியொரு கேள்வி ஈரம் காயாமல் கிடந்த கரையில், ஒன்றரை ஆண்டுக்குப் பின் நாம் கூடி, இயேசு மணமானவரா என்ற படத்துக்காகக் கொதித்தோம். அந்தத் தாய் அதைக் கேட்கவில்லை. கடலோரத்தில் எவரும் அதைக் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, அவளுடைய கேள்வியையே மையமாக வைத்துத் தொடங்கிய தமிழ்ப்படம் ஒன்று வந்தது. அது கேள்வியைக் கையிலெடுத்து, பயந்து, வேடிக்கை காட்டிவிட்டு, நல்லவனாயிரு என்று சொல்லி அனுப்பிவிட்டது. என் மனக்குறை இதுதான். மர்மப்படம் நமக்குத் தேவையில்லாத கேள்விக்குப் பொய்யான பதில் சொன்னது. நகைச்சுவைப் படமோ நமக்கு உயிரான கேள்விக்கு மலிவான பதில் சொன்னது. நாமும் அதை ஏற்றுக்கொண்டு சிரித்தோம்.

வேதம் அந்தக் கேள்வியை அப்படி நடத்துவதில்லை. யோவான் 11-இல் மார்த்தாள் வழியிலேயே எதிர்கொண்டு, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திரான் என்று ஆண்டவரையே குற்றஞ்சாட்டுகிறாள். அதே சொற்களை மரியாளும் சொல்கிறாள். இருவரும் திட்டவில்லை என்று பிரசங்கிகள் மெருகேற்றுவோம், அது திட்டுதான். அவர் மார்த்தாளிடம் உயிர்த்தெழுதலைக் குறித்துப் பேசினார்; மரியாளிடம் விளக்கம் ஏதும் சொல்லவில்லை; அழுதார். ஏன் இரண்டு நாள் தாமதித்தார் என்று அந்தச் சகோதரிகளுக்கு ஒருபோதும் சொல்லப்பட்டதாக வேதத்தில் இல்லை. யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. புண்களோடு சாம்பலில் இருந்தவன் கடைசிவரை வழக்காடினான். அவனுக்கு அறிவுரை சொல்லித் திருத்த முயன்ற மூன்று நண்பர்களையே தேவன் கடிந்துகொண்டார். 305-ஆம் அறையின் கடவுள் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எலிப்பாசின் நினைவே வருகிறது. அவனும் தவறாக ஒன்றும் சொல்லவில்லை; தவறான நேரத்தில் சொன்னான், தவறான மனிதனிடம்.

அஞ்சியிருக்கலாம் என்று மேலே சொன்னேனே, அதன் காரணம் அந்தப் பெட்டி. அந்தக் காட்சியில் நாம் ஏன் சிரித்தோம்? அது நமக்குத் தெரிந்த ஆசையாக இருந்ததால். அப்போஸ்தலர் 8-இல் சமாரியாவின் சீமோன், பேதுருவின் கை பட்டதும் ஆவியானவர் இறங்குவதைக் கண்டு, அந்த வல்லமையைத் தனக்கும் விற்கும்படி பணத்தை நீட்டுகிறான். அவன் ஞானஸ்நானம் பெற்றவன் என்பதை மறக்கவேண்டாம், சபையாரில் ஒருவன். அவனுக்குத் தேவன் வேண்டாம், பெட்டி வேண்டும். சந்தானமும் கஞ்சா கருப்பும் அறையில் கடவுளையே வைத்துக்கொண்டு, அவரோடிருப்பதைவிட அவருடைய பெட்டியோடிருப்பதைத் தெரிந்துகொண்டார்கள். வல்லமை மட்டும் கிடைத்தால் போதும், கொடுத்தவர் மேன்ஷனில் கிடக்கட்டும்.

நம் ஆலய வாசலிலும் ஒரு பெட்டி இருக்கிறது: ஜெபக்குறிப்புப் பெட்டி. அதைத் திறப்பவன் நான். பிரான்சுக்கும் சிங்கப்பூருக்கும் விசா, மகளுக்கு வரன், மருமகனுக்கு வேலை, வீட்டுப் பத்திரம், விற்காத மனை. இவற்றைக் கேட்பது பிழையென்று நான் சொல்லமாட்டேன். அன்றாட உணவைக் கேட்கக் கற்பித்தவர் அவரே. பசியுள்ளவனைப் பார்த்து ஆவிக்குரியவனாயிரு என்று சொல்லுகிற போதகனை நான் நம்புவதில்லை. விசா கிடைத்த வாரத்தோடு ஆலயத்துக்கு வருவது நின்றுபோன குடும்பங்களை எண்ணித்தான் சொல்கிறேன். பெட்டி கைக்கு வந்துவிட்டது. அறையில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பானேன்? அதற்கு மாறாக, கேட்டது கிடைக்காமலும் பதினைந்து ஆண்டுகளாகப் பின்வரிசைத் தூணருகே வந்து அமரும் முதியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் எதைப் பற்றிக்கொண்டு வருகிறார்கள் என்று எந்தப் படமும் இன்னும் எடுக்கப்படவில்லை.

அயலாருடைய மாங்கனித் திருவிழாவில் நம் வீடுகளுக்கும் மாம்பழம் வருகிறது. அவ்விழாவுக்குரிய காரைக்கால் அம்மையார், கதையின்படி, கைக்கு வந்த அற்புதத்தை வைத்து ஒன்றும் சம்பாதிக்கவில்லை. தம் அழகையே எடுத்துவிடும்படி வேண்டிக்கொண்டவர். அவருடைய வழிபாடு நம்முடையதன்று. ஆனாலும் பெட்டி வேண்டாமென்ற ஒரு பெண்ணின் பெயரால் இந்த ஊர் அறியப்படுகிறது என்பதை நாம் சற்று வெட்கத்தோடு நினைக்கலாம்.

சிலுவையினடியில் நின்ற கூட்டமும் பெட்டியைத்தான் கேட்டது. இறங்கி வா, காட்டு, அப்பொழுது நம்புகிறோம் என்றது. சிம்புதேவனின் கதை இந்த இடத்திற்கு ஓரடி தூரம் வரை வந்து திரும்பிவிட்டது. பெட்டியிழந்த கடவுளுக்குப் படத்தில் பெரிய ஆபத்து ஒன்றும் நேர்வதில்லை. அவர் நல்ல வாடகைதாரராக இருக்கிறார், எல்லாருக்கும் பிடித்தவராகிறார், பெட்டி திரும்ப வந்ததும் புறப்பட்டுப் போய்விடுகிறார். வெறுங்கையோடு வருகிறவரை இந்த உலகம் இவ்வளவு அன்பாக நடத்தாது என்பதை நற்செய்தி நூல்கள் நான்கும் அறியும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் வேலையற்றுக் கிடந்த எந்த இளைஞனும் அறிவான். படம் மட்டும் அறியாததுபோல் நடந்துகொண்டது. அதுவே அதன் பலவீனம். நகைச்சுவை குறைந்தது அதற்குப் பின்னே வந்த விளைவு.

பெற்றோருக்கு என் பதில் இவ்வளவே. அந்தத் தம்பியைக் குழுவிலிருந்து நீக்கவில்லை, நீக்கப்போவதுமில்லை. அவனோடு பேசினேன். மகதலேனாளைப் பற்றி அவனுக்கு ஒன்றும் ஐயமில்லை. அந்தப் படத்தில் 'சபை எதையோ மறைக்கிறது' என்ற வசனம் மட்டும் அவனைப் பிடித்துக்கொண்டது. கடலுக்குப் போய்த் திரும்பாத தன் தகப்பனைப் பற்றி அவன் சிறுவனாய்க் கேட்டபோதெல்லாம், பெரியவர்கள் பேச்சை மாற்றி, ஜெபிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவனிடமிருந்து மறைக்கப்பட்ட இரகசியம், பதில் நமக்கும் தெரியாது என்பதுதான். அதை அவனிடம் சொன்னேன். நெடுநேரம் பேசினோம்.

வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு வாலிபர் கூடுகையில் 'அறை எண் 305-ல் கடவுள்' படத்தைப் பெட்டி திருடப்படும் காட்சிவரை பார்ப்போம், அங்கே நிறுத்திவிடுவோம். எஞ்சிய கதையை அவரவர் எழுதிவர வேண்டும். அதற்கடுத்த சனிக்கிழமை நிசேயாவைப் பற்றிக் கேள்வி பதில். மூப்பர்களும் பெற்றோரும் வரலாம், கோபத்தோடும் வரலாம். திரையும் ஒளிப்படக் கருவியும் அந்தத் தம்பியின் பொறுப்பு. தேநீருக்கு மகளிர் ஐக்கியத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.